பெருங்காயம் வந்த வழி

எங்கள் சமையல் மேடையில், புளி ஊறும் கிண்ணத்துக்கு அருகில், இன்னொரு சிறிய பீங்கான் கிண்ணம் எப்போதும் இருக்கும். அதில் சுண்டைக்காய் அளவுள்ள பெருங்காயக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். ரசம் கொதிக்கும் நேரத்தில் அம்மா அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து விட்டுவிட்டு, எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் அந்தக் கிண்ணம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை கிடைத்து, 1970களின் இறுதியில் நாங்கள் டெல்லிக்கு வந்து ஆர்.கே.புரம் குடியிருப்பில் குடியேறினோம். ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போய்த் திரும்பும்போது, அப்பளம், வடாம், மாவடு, காபிப்பொடி ஆகியவற்றோடு, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, எவர்சில்வர் டப்பாவுக்குள் அடைத்த கட்டிப் பெருங்காயமும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எங்களுடன் வரும். இத்தனை கட்டுக்காவலையும் மீறி, நாக்பூர் தாண்டுவதற்குள் அந்த ரயில் பெட்டி முழுவதும் மணம் பரவிவிடும். டெல்லியில் நல்ல பெருங்காயம் கிடைக்காது என்பது அம்மாவின் தீர்மானமான கருத்து. அந்தக் கட்டிக்கான செடிப்பால் ஆப்கானிஸ்தானத்து மலைச்சரிவிலோ ஈரானின் பாலைநிலத்திலோ வடிந்தது என்பதும், பெரும்பாலும் வடநாட்டுச் சந்தைகளைக் கடந்துதான் அது கும்பகோணத்துக் கடைக்கே வந்திருக்கும் என்பதும், நான் காரி பாவ்லிக்குப் போகத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. நம் ஊரிலிருந்து அருமையாகச் சுமந்து வந்ததாக நாங்கள் நினைத்த பொருள், ஏற்கெனவே இந்த வடக்கிலிருந்து தெற்கே போய், மீண்டும் எங்களோடு வடக்கே வந்திருக்கிறது.

காரி பாவ்லி பழைய டெல்லியில், சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியில், 1650இல் கட்டப்பட்ட ஃபதேபுரி மசூதியை ஒட்டி நீளும் மசாலாச் சந்தை. காரி என்றால் உப்புக் கரிப்பது, பாவ்லி என்றால் படிக்கிணறு. கிணறு இருந்த இடம் தெரியாமல் போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மிளகாய் மூட்டைகள் பிரிக்கப்படும் தெருவில் தும்மாமல் நடப்பது கடினம். அந்த நெடியையும் அடக்கிக்கொண்டு ஒரு மணம் வந்தால், பெருங்காயக் கடை நெருங்கிவிட்டது என்று பொருள்.

முதல் முறை போனபோது, மூன்று தலைமுறையாக இதே சரக்கை விற்கும் ஒரு பெரியவர், ஆட்டுத் தோலில் தைத்து வந்திருந்த பொதி ஒன்றின் தையலை ஓரமாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது நான் அறிந்த பழுப்புக் கட்டி அன்று. பாலாடைபோல் வெளுத்து, ஆங்காங்கே ரோஜா நிறம் ஏறி, விரலை வைத்தால் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும் ஈரப் பிண்டம். கடுகளவு எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்து, "இப்போது முகராதீர்கள், அம்மாஜி, வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு முகர்ந்து பாருங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். அன்று இரவு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் அந்த மணம் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

பெருங்காயச் செடி கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரட்டும் அதே குடும்பம்தான். பெருங்காயத்தின் தடித்த வேரைப் பார்ப்பவர்களுக்கு அந்த உறவு எளிதில் விளங்கும். செடி நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்து வேர் பருத்தபின், அது பூக்கும் முன்பாக, வசந்த காலத்தில் அடிமண்ணை விலக்கி, தண்டை வேரின் தலையோடு வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவாயில் பால் சுரக்கிறது. வெயிலும் புழுதியும் படாமல் சுள்ளிகளையும் மண்ணையும் கொண்டு அதை மூடிவைத்து, சில நாள் கழித்து இறுகிய பாலைச் சுரண்டி எடுத்து, வேரில் மெல்லிய வில்லை ஒன்றைச் சீவிப் புதுக் காயம் உண்டாக்குகிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதம், பால் வற்றும் வரை, இப்படியே சீவுவதும் சுரண்டுவதும் நடக்கும். ஒரு வேரின் ஆயுளே அந்தப் பருவத்தோடு முடிகிறது. ரசத்தில் நாம் ஒரு சிட்டிகை போடும் பொருளுக்குப் பின்னால் ஐந்தாண்டுக் காத்திருப்பு இருப்பதை அறிந்த பிறகு, சிந்தின தூளைத் துடைத்து எறிய எனக்கு மனம் வருவதில்லை.

நம் மண்ணில் விளையாத இப்பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நம்முடையது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. வடமொழியில் ஹிங்கு, அதிலிருந்து ஹிந்தியில் ஹீங், கன்னடத்தில் இங்கு, தெலுங்கில் இங்குவ. தமிழும் மலையாளமும் மட்டும் காயம் என்ற சொல்லைக் கைவிடவில்லை. காயம் என்பது காரமும் நெடியும் உள்ள சரக்குக்குப் பொதுப்பெயர். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் ஐங்காயத்தில் கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி ஆகியவற்றோடு ஐந்தாவதாகப் பெருங்காயம் சேரும். வெங்காயத்திலும் இருப்பது இதே காயம்தான். பின்னாளில் கடல் கடந்து வந்த பழத்துக்கு மிளகை நினைத்து மிளகாய் என்று பெயரிட்டதும் இதே மனப்போக்குத்தான். வந்த பொருளை நமக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளின் உறவாக்கிக்கொள்வது நம் வழக்கம்.

காயம் என்பதற்கு உடம்பு என்ற பொருளும் இருப்பதால் புலவர்களுக்கு இந்தச் சொல் பெரும் விருந்தாயிற்று. திருவேரகமாகிய சுவாமிமலையில் உறையும் முருகனை மளிகைச் செட்டியாராகப் பாவித்து, சீரகத்தைக் கொடுத்துவிட்டால் எனக்குப் பெருங்காயம் வேண்டாம் என்று வேண்டும் சிலேடைத் தனிப்பாடல் ஒன்று உண்டு; சீர்மிக்க அகமாகிய வீடுபேற்றை அருளினால், இந்தப் பெரிய உடம்பைச் சுமக்கும் பிறவி வேண்டாம் என்பது உட்பொருள். கும்பகோணத்துக்காரர்களாகிய எங்களுக்குச் சுவாமிமலை பக்கத்து ஊர். ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், 1973இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கும் உத்தர சுவாமிமலை என்றே பெயர். அங்கே படியேறும்போதெல்லாம், பெருங்காயம் புறப்பட்ட திசைக்கு இத்தனை அருகில் அந்தச் செட்டியார் வந்து கடை போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இதன் வரலாற்றை விசாரித்தால், அது சமையலைவிடப் போர்ப் பயணத்தில் தொடங்குவதுபோல் தோன்றும். கி.மு. 329இல் அலெக்சாந்தரின் படை இந்துகுஷ் மலையைக் கடந்தபோது, அங்கே மண்டிக்கிடந்த ஒரு செடியைக் கிரேக்கர்கள் தங்கள் நாட்டில் புகழ்பெற்றிருந்த சில்ஃபியம் என்று எண்ணினார்கள். விறகு கிடைக்காமல் பச்சை இறைச்சியைத் தின்ன நேர்ந்த வீரர்களுக்கு அது செரிமானத்துக்கு உதவியதாகக் கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். வாயுவுக்கும் மந்தத்துக்கும் பெருங்காயம் தேடும் நம் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தி சிறிதும் வியப்பளிக்காது.

உண்மையான சில்ஃபியம் இன்றைய லிபியாவில் இருந்த சைரீன் நகரத்தின் செல்வம். அந்நகரின் நாணயங்களில் அந்தச் செடியையே பொறித்தார்கள். அளவுக்கு மீறி அறுத்ததும், கால்நடைகளை மேயவிட்டதும் சேர்ந்து அது அழிந்துபோயிற்று. தம் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்ததாகவும், அதை நீரோ மன்னனுக்கு அனுப்பிவைத்ததாகவும் முதல் நூற்றாண்டில் ரோம அறிஞர் பிளினி குறிக்கிறார். அந்த இடத்தை நிரப்பியது பாரசீகத்திலிருந்து வந்த பெருங்காயம். விலையுயர்ந்த அந்தப் பிசினைச் சிக்கனமாகப் பயன்படுத்த ரோமச் சமையற்காரர்கள் கண்டுபிடித்த உத்தி ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன்: பிசினைப் பைன் கொட்டைகளோடு ஒரு குப்பியில் போட்டு மூடிவைத்து, சமைக்கும்போது மணமேறிய கொட்டைகளில் சிலவற்றை எடுத்து நசுக்கிப் போட்டுவிட்டு, எடுத்த அளவுக்குப் புதுக் கொட்டைகளைச் சேர்ப்பார்கள். எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடும் எங்கள் அம்மாவின் கிண்ணமும் அந்தக் குப்பியும் ஒரே யோசனையின் இரண்டு வடிவங்கள். ரோமில் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் மறைந்துவிட்டது. ஐரோப்பாவில் பெருங்காயம் மருந்துக்கடைச் சரக்காகச் சுருங்கி, ஜெர்மன் மொழியில் பேயின் மலம் என்னும் இழிபெயரையும் பெற்றது.

இந்தியாவில் அது அடுக்களையை விட்டு இறங்கவே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்தின் சமையற் பகுதியில் பெருங்காயம் கரைத்த நீர் சொல்லப்படுகிறது. ஆகவே, தண்ணீரில் கரைத்து விடும் முறைக்கு எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது. அக்பரின் அரண்மனைச் சமையலை அபுல் ஃபசல் எழுதிவைத்தபோது, இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்த்த பருப்பு ஒன்றையும் அளவோடு குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை முதன்முதலாகப் படித்த அன்று, புளி இல்லை என்ற ஒரே குறையைத் தவிர, அது எங்கள் வீட்டுப் பருப்பு என்றே எனக்குத் தோன்றியது. 1563இல் கோவாவில் தம் மருந்துச் சரக்கு நூலை அச்சிட்ட போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இந்தியா முழுவதும் இதைப்போல் பயன்படும் பொருள் வேறில்லை என்றும், வாங்க முடிந்த இந்துக்கள் எல்லோரும் இதைச் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள் என்றும் எழுதினார்.

வாங்குபவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடையில் நாம் வாங்கும் பெருங்காயம் அநேகமாகத் தனிப் பெருங்காயம் அன்று. அது கூட்டுப் பெருங்காயம். மூலப் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் கடுமையானது என்பதால், கோதுமை மாவு அல்லது அரிசி மாவையும் கருவேலப் பிசின் வகையையும் சேர்த்துப் பிசைந்து, கட்டியாக்கியோ தூளாக்கியோ விற்கிறார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் முறைதான். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் 90 விழுக்காட்டு ஆல்கஹாலில் கரையும் சத்து குறைந்தது 5 விழுக்காடு இருந்தால் போதும் என்பதே விதி. ஆகையால் இரண்டு டப்பாக்களின் விலையை மட்டும் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்வது சரியன்று. இதைவிட முக்கியமாக, கோதுமை ஒவ்வாத உடல்நிலை உள்ளவர்கள் டப்பாவில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலை அவசியம் படிக்க வேண்டும். அரிசிச் சோறும் ரசமும்தானே என்று நம்பிச் சாப்பிடும் அவர்களுக்குக் கோதுமை மாவு பெருங்காயத்தின் வழியாகவே வந்து சேர்ந்துவிடும். அரிசி மாவு சேர்த்த வகை இப்போது எளிதாகக் கிடைக்கிறது.

டெல்லியிலிருந்து தென்கிழக்கே, உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் ஹாத்ரஸ் நகரம் இந்தக் கூட்டுவேலைக்குப் பேர்போனது. ஹாத்ரஸ் பெருங்காயத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செடி ஒன்றுகூட முளைக்காத ஊருக்குப் புவிசார் குறியீடா என்று சிலர் கேட்கலாம். பிசினின் வகை அறிந்து, மாவின் அளவு அறிந்து, எத்தனை நாள் உலர்த்துவது என்பதையும் அறிந்த கைகளுக்குக் கிடைத்த மதிப்பு அது. முற்றிலும் நியாயமானது என்பது என் எண்ணம்.

ஒரு முறை நான் ஏமாந்ததும் உண்டு. வழக்கமான கடை பூட்டியிருந்த ஒரு நாளில், வேறொரு கடையில் சுத்தமான பால்பெருங்காயம் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி நூறு கிராம் வாங்கி வந்தேன். தண்ணீரில் போட்டதும் வெளுத்த பால்போல் கரைய வேண்டியது, கலங்கிய மண்ணீராகி, கிண்ணத்தின் அடியில் நறநறவென்று பொடிக்கல் தங்கியது. ஒரு துணுக்கை இரும்புக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினேன். நல்ல பெருங்காயம் கற்பூரம்போல் சுடர்விட்டு எரிய வேண்டும், அதுவோ கருகிப் புகைந்தது. அந்த மாதச் சாம்பார்ப்பொடிக்காக வறுத்து வைத்திருந்த மிளகாயும் தனியாவும் வீணாகாமல் இருக்க மறுநாளே மீண்டும் காரி பாவ்லிக்கு ஓடினேன். அதிலிருந்து, எங்கே வாங்கினாலும் இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் டப்பாவில் போடுவதில்லை.

இனி அடுப்படிக்கு வருகிறேன். பெருங்காயத்தின் பச்சை நெடிக்குக் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் இருப்பவற்றின் உறவினங்கள் அவை. சூடான எண்ணெயில் பட்டதும் அந்த முரட்டு நெடி தணிந்து, வதக்கிய வெங்காயத்தை நினைவூட்டும் மணமாக மாறுகிறது. பூண்டும் வெங்காயமும் சேர்க்காத கோயில் மடைப்பள்ளிகளிலும், விரத நாள் சமையலிலும் பெருங்காயம் இத்தனை முக்கியமானதற்கு இதுவே காரணம்.

கட்டியை நல்லெண்ணெயில் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சிறுவயது முதல் பிடித்த காட்சி. எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் மிளகளவுத் துண்டுகளாகத் தட்டிப் போட வேண்டும். காய்ச்சல் அதிகமானால் வெளிப்புறம் கருகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். முதலில் ஓரங்களில் சிறு நுரை எழும்பும். பிறகு துண்டு மெல்ல உப்பி, இரு மடங்காகி, மேற்புறம் வெடித்து, சின்னப் பொரிபோல் இலேசாகி மிதக்கத் தொடங்கும். அப்போது எடுத்து ஆறவிட்டு அம்மியில் வைத்தால், விரலால் அழுத்தினாலே பொடியாகும். ஊறுகாய்க்கும் மிளகாய்ப்பொடிக்கும் இந்தப் பொடி சேர்த்தால் கிடைக்கும் ருசி, டப்பாத் தூளால் வருவதில்லை. தாளிக்கும்போது தூளைப் பயன்படுத்துகிறவர்கள் கடுகு வெடித்து, அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். மாவு கலந்த தூள் நொடியில் கருகிக் கசந்துவிடும். ரசத்துக்கும் நீர்மோருக்கும் எங்கள் வீட்டில் எப்போதும் கரைத்த தண்ணீர்தான். பருப்பு வேகும்போதே சிறிது பெருங்காயத் தண்ணீரை விட்டால் சாம்பார் முழுவதும் மணம் ஏறும். கடைசியில் தூவினால் மேலாக்கில்தான் நிற்கும். அளவு கூடினால் கசப்புத் தட்டும். சாம்பாரில் பெருங்காயம் தனியாகத் தெரிந்தால் கை தவறிவிட்டது என்று அம்மா சொல்வார்.

எங்கள் அடுத்த வீட்டில் காஷ்மீரிப் பண்டிதர் குடும்பம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அவர்களும் வெங்காயம், பூண்டு இல்லாமலே சமைத்தார்கள். இறைச்சிக் குழம்பானாலும் ஹாக் கீரையானாலும் கடுகெண்ணெயில் பெருங்காயம் விழாமல் அடுப்பு தொடங்காது. அந்த வீட்டு மாமியின் அலமாரியிலும் பெருங்காயம் கரைத்த தண்ணீர்க் குப்பி ஒன்று இருந்ததை முதன்முதலாகப் பார்த்த அம்மா, "நம்மாத்து மாதிரியே வெச்சிருக்கா பாரேன்" என்று என்னிடம் வியந்து சொன்னார். இரண்டு அடுக்களைகளுக்கும் பொதுவான ஹிந்தி வார்த்தைகள் பத்துக்கூட இல்லாத நாளிலிருந்தே அவர்கள் இருவரும் நெருங்கிய சிநேகிதிகள். ஆப்கானிஸ்தானத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆட்சி மாறி, சரக்கு வருமோ வராதோ என்று சந்தையில் கலக்கம் நிலவியபோது, காரி பாவ்லியில் வாங்கியதை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலேயே பயிரிடும் முயற்சி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் மூலப் பெருங்காயம் இறக்குமதியாகும் நிலையில், ஈரானிலிருந்து வரவழைத்த விதைகளைக் கொண்டு பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நாற்று வளர்த்து, 2020 அக்டோபர் 15 அன்று இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்னும் சிற்றூரில் முதல் நாற்றை நட்டது. குளிரும் வறட்சியும் சேர்ந்த அந்த நிலம் செடிக்குப் பொருந்தும் என்பது அவர்கள் கணிப்பு. அங்கே வடியும் பால் சந்தைக்கு வரும் நாளில், பெரியவரின் கடையில் ஆட்டுத்தோல் பொதிக்குப் பக்கத்தில் அதையும் வைத்து முகர்ந்து பார்க்க எனக்கு மிகுந்த ஆவல்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டுக் கிண்ணம் அலமாரிக்குள் போய்விடும். அப்பாவின் திதியன்று தெவசச் சமையலில் மிளகாயும் தக்காளியும் போலவே பெருங்காயமும் சேராது. மிளகும் சீரகமும் மட்டுமே. கருமம் முடிந்து அனைவரும் சாப்பிட்டு எழுந்த பிறகும், அன்று இரவு முழுவதும் சமையலறையில் எள்ளும் நெய்யும் மணக்குமே தவிர வேறு மணம் இராது. மறுநாள் காலையில் நான் ஒரு புதிய கட்டியைத் தட்டிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விடுவேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் அந்த மணம் போய்ச் சேர்ந்ததும், "இன்னிக்கு என்ன ரசம்டி?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார்.